அமெரிக்கப் படைகளின் போர்ப் படச்சுருள்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபதாம் நூற்றாண்டுப் போர்களில் அமெரிக்கப் படைகள் எடுத்த ஆவணப் படச்சுருள்களைப் பற்றி ஆவணப்படம் எடுப்பவர்களும், காட்சித் தொடர்பியல் மாணவர்களும், வரலாற்றில் ஆர்வமுள்ளவர்களும் திரும்பத் திரும்ப எழுப்பும் ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். எளியவை முன்னும் சிக்கலானவை பின்னும் வருகின்றன. முன்பே விடை சொன்ன செய்தி மறுபடியும் வரும் இடத்தில் அந்தக் கேள்வியின் எண்ணை மட்டும் சுட்டியிருக்கிறேன்.

1. சண்டை நடக்கிற இடத்தில் நின்று படம் எடுத்தது யார்? சினிமாக்காரர்களா, சிப்பாய்களா?

பெரும்பாலும் சிப்பாய்கள்தான். 1917-இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது, தந்தியையும் தொலைபேசியையும் கவனித்துவந்த சிக்னல் கோர் என்ற தரைப்படைப் பிரிவிடமே நிழற்படமும் திரைப்படமும் எடுக்கும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர் வந்தபோது கடற்படை, மரைன் படை, தரைப்படையின் வான்பிரிவு ஆகியவை தமக்கென்று தனித்தனி ஒளிப்பதிவுக் குழுக்களை அமைத்துக்கொண்டன. அந்தக் குழுக்களில் இருந்தவர்கள் சீருடை அணிந்த படைவீரர்கள். மற்றவர்களோடு கரையிறங்கினார்கள், மற்றவர்களைப் போலவே குண்டடிபட்டு இறந்தார்கள்.

ஹாலிவுட்டுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. நியூயார்க் நகரின் அஸ்டோரியாவில் பாரமவுண்ட் நிறுவனத்திடம் இருந்த ஸ்டுடியோவை 1942-இல் சிக்னல் கோர் வாங்கித் தன் திரைப்பட மையமாக ஆக்கிக்கொண்டது. வான்பிரிவின் முதல் திரைப்படக் குழு கலிபோர்னியாவின் கல்வர் சிட்டியில் இயங்கியது. பின்னாளில் அமெரிக்க அதிபரான ரொனால்ட் ரேகன் போர்க்காலத்தில் அங்கேதான் பணியாற்றினார். ஜான் ஃபோர்ட், ஜான் ஹூஸ்டன், வில்லியம் வைலர், ஜார்ஜ் ஸ்டீவன்ஸ், ஃபிராங்க் காப்ரா ஆகிய புகழ்பெற்ற இயக்குநர்கள் படையில் சேர்ந்து அதிகாரிகளாகவே படம் எடுத்தார்கள். ஆனால் காப்பகத்தில் குவிந்திருக்கும் படச்சுருள்களில் மிகப் பெரும்பகுதி, பெயர் தெரிந்த இந்த இயக்குநர்கள் எடுத்ததல்ல. சில மாதப் பயிற்சியோடு களத்துக்கு அனுப்பப்பட்ட இளைஞர்கள் எடுத்தது.

2. எல்லாக் காட்சியும் ஏன் இப்படித் துண்டு துண்டாக இருக்கிறது? ஐந்து நிமிடம் தொடர்ந்து எடுக்க மாட்டார்களா?

எடுக்க முடியாது. இரண்டாம் உலகப் போரில் பரவலாகக் கையாளப்பட்ட ஐமோ என்ற 35 மி.மீ. கேமராவில் 100 அடிச் சுருள்தான் போடுவார்கள். ஒரு அடிக்கு 16 படங்கள், நொடிக்கு 24 படங்கள் என்று கணக்கிட்டால் ஒரு சுருள் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலாக ஓடித் தீர்ந்துவிடும். அந்தக் கேமராவுக்கு மின்சாரம் கிடையாது; கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல முறுக்கிவிட்டால் சுருள்வில் விரியும் வரைதான் ஓடும். அதனால் ஒளிப்பதிவாளர் சில நொடிகள் எடுத்து, முறுக்கி, மறுபடி எடுத்து, பிறகு பதுங்கிக்கொண்டு சுருளை மாற்றியாக வேண்டும். சுருளை மாற்றுகிற நேரத்தில் நடந்தது எதுவும் பதிவாகவில்லை என்பதை இந்தக் காட்சிகளைப் பார்க்கும்போது மனத்தில் வைத்திருப்பது நல்லது.

3. முதல் உலகப் போர்க் காட்சிகளில் சிப்பாய்கள் ஏன் அப்படி வேகவேகமாக நடக்கிறார்கள்?

அவர்கள் இயல்பாகத்தான் நடந்தார்கள். அன்றைய பேசாப்பட கேமராக்களைக் கையால் சுற்றினார்கள்; நொடிக்குப் பதினாறு முதல் இருபது படங்கள் வரை பதிவாகும். அதைப் பிற்காலத்தின் 24 பட வேகத்தில் ஓட்டினால் எல்லோரும் பரபரப்பதாகத் தோன்றும். வேகத்தைச் சரிசெய்து ஓட்டியவுடன் அந்த முகங்கள் நம்மைப் போன்ற மனிதர்களின் முகங்களாகி விடுகின்றன.

4. குண்டு வெடிக்கிற சத்தம், கத்துகிற சத்தம் எல்லாம் அங்கே பதிவானதுதானே?

பெரும்பாலும் இல்லை. ஐமோ போன்ற கேமராக்கள் ஒலியைப் பதிவு செய்யாதவை. இரண்டாம் உலகப் போரிலும் கொரியப் போரிலும் களத்தில் எடுக்கப்பட்ட சண்டைக் காட்சிகள் அநேகமாக ஊமைப்படங்களே. நீங்கள் கேட்கும் பீரங்கி முழக்கமும் விமான இரைச்சலும் படத்தொகுப்பு அறையில் ஒலி நூலகத்திலிருந்து சேர்க்கப்பட்டவை. உரைகள், பதக்கம் வழங்கும் விழாக்கள், கைதிகளின் வாக்குமூலங்கள் ஆகியவற்றைத் தனி ஒலிக்கருவியோடு எடுத்ததுண்டு. வியட்நாம் காலத்தில்தான் களத்தில் ஒலியோடு எடுப்பது ஓரளவு வழக்கத்துக்கு வந்தது. ஆகவே 1944-ஆம் ஆண்டுச் சண்டைக் காட்சியொன்றில் ஒவ்வொரு துப்பாக்கி வெடிக்கும் பொருத்தமான சத்தம் கேட்டால், அந்த ஒலியைப் பிற்காலத்தவரின் கைவேலை என்றே கொள்ள வேண்டும்.

5. இரண்டாம் உலகப் போரில் கலர் பிலிம் இருந்ததா? நாம் பார்க்கிற வண்ணமெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றியதா?

இரண்டும் உண்டு. இரண்டாம் உலகப் போரின் உண்மையான வண்ணக் காட்சிகள் பெரும்பாலும் கோடாக் நிறுவனத்தின் 16 மி.மீ. கோடாக்ரோம் என்ற வண்ணச் சுருளில் எடுக்கப்பட்டவை. 1942 ஜூன் மாதம் மிட்வே தீவு தாக்கப்பட்டபோது ஜான் ஃபோர்ட் வண்ணத்தில் படம் எடுத்தார். அப்போது கையில் காயமும் பட்டார். பி-17 குண்டுவீச்சு விமானங்களுக்குள் நின்று வில்லியம் வைலரின் குழு எடுத்ததும் வண்ணப்படமே. அந்தக் குழுவின் ஒளிப்பதிவாளர்களில் ஒருவரான ஹெரால்ட் டானன்பாம் 1943 ஏப்ரலில் விமானம் வீழ்த்தப்பட்டு இறந்தார். மரைன் படையும் பசிபிக் தீவுகளில் இந்த வகைச் சுருளை நிறையப் பயன்படுத்தியது.

கோடாக்ரோமின் சாயங்கள் இருட்டில் வைத்துக் காத்தால் எளிதில் மங்காதவை. 1950-களுக்குப் பிந்தைய பல வண்ணப் படங்கள் வெளிறிச் சிவந்துபோயிருக்க, 1943-இல் எடுத்த கோடாக்ரோம் இன்றும் பளிச்சென்று இருப்பதற்கு இதுவே காரணம். வண்ணம் ஏற்றிய படத்தில் சீருடை, மண், தோல் எல்லாம் தட்டையான ஒரே நிறமாகப் பரவி நிற்கும். அசலில் நிழலும் வெயிலும் பட்ட இடங்களில் நிறம் மாறும். கண்ணால் பார்த்துத் தீர்மானிப்பதைவிட, காப்பகப் பதிவில் அந்தச் சுருள் கறுப்பு வெள்ளையா வண்ணமா என்று எழுதியிருப்பதைப் பார்ப்பதே உறுதியான வழி.

6. ஒரு விமானம் இன்னொரு விமானத்தைச் சுட்டு வீழ்த்துகிற காட்சியை எங்கிருந்து எடுத்தார்கள்?

சுடும் விமானத்திலேயே பொருத்தியிருந்த சிறு கேமராவிலிருந்து. விமானி துப்பாக்கி விசையை அழுத்தியதும் 16 மி.மீ. சுருள் ஓடத் தொடங்கும். வீழ்த்தியதாகச் சொல்லும் கணக்கைச் சரிபார்க்கவும் குறிபார்க்கும் திறனை மதிப்பிடவும் செய்யப்பட்ட ஏற்பாடு இது. அதனால்தான் அந்தக் காட்சிகளில் முன்பின் எதுவும் இல்லாமல் சில நொடிகள் மட்டும் இருக்கின்றன.

7. இந்தச் சுருள்கள் எல்லாம் இப்போது எங்கே இருக்கின்றன?

பெரும்பகுதி, மேரிலாந்து மாநிலத்தின் காலேஜ் பார்க் நகரிலுள்ள அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. எந்த அலுவலகத்திலிருந்து வந்ததோ அதன்படி தொகுதி எண் இட்டு வைத்திருக்கிறார்கள். சிக்னல் கோரின் படங்களுக்குத் தொகுதி 111, தரைப்படை வான்பிரிவுக்கு 18, மரைன் படைக்கு 127, விமானப்படைக்கு 342, கடற்படைக்கு 80, 428 ஆகிய எண்கள். எதிரிகளிடமிருந்து கைப்பற்றிய படங்கள் 242-ஆம் தொகுதியில் உள்ளன. தேட வேண்டியவர்கள் இந்த எண்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பொதுச் சொற்களைப் போட்டுத் தேடுவதைவிட இது பல மடங்கு பயன் தரும்.

காப்பகத்தின் இணைய அட்டவணையில் ஏராளமான படங்கள் எண்மமாக்கப்பட்டுத் தரவிறக்கக் கிடைக்கின்றன. எண்மமாக்காதவை இன்னும் மிகுதி. நேரில் செல்பவர்கள் ஆய்வு அறையில் பார்வைப் பிரதிகளைப் பார்க்கலாம். உயர்தரப் பிரதி வேண்டுவோர் கட்டணம் செலுத்திப் படியெடுக்கச் சொல்லலாம்.

8. இதை என் படத்தில் இலவசமாகப் பயன்படுத்தலாமா? காப்புரிமைப் பிரச்சினை வருமா?

அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தின் 105-ஆம் பிரிவின்படி, கூட்டாட்சி அரசின் ஊழியர் தம் பணியின் பகுதியாக உருவாக்கிய படைப்புக்கு அந்நாட்டில் காப்புரிமை இல்லை. போர்க்களத்தில் சிக்னல் கோர் சிப்பாய் எடுத்த காட்சி இதற்கு நேரான எடுத்துக்காட்டு. தேசியக் காப்பகத்தில் உள்ள இத்தகைய காட்சிகளை யாரும் அனுமதி கேட்காமல் பயன்படுத்துகிறார்கள்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்களும் உண்டு. காப்பகத்தில் இருப்பதெல்லாம் அரசு எடுத்ததல்ல. அரசுப் படமொன்றின் உள்ளே தனியார் செய்திப்பட நிறுவனத்தின் துண்டோ, உரிமை பெற்ற இசையோ, எதிரி நாட்டின் படமோ கலந்திருக்கலாம். காப்ராவின் குழு போர்க்காலத்தில் தயாரித்த ஏழு படத் தொடரில் ஜெர்மானியர்களின் பிரசாரப் படங்களிலிருந்தே நிறையக் காட்சிகளை எடுத்து ஒட்டினார்கள். யூனிவர்சல் செய்திப்படங்கள் போன்றவை நன்கொடையாக வந்து, யாரும் பயன்படுத்தக்கூடிய பொதுச் சொத்தாகவும் ஆகிவிட்டவை. எல்லா நன்கொடைத் தொகுப்பும் அப்படியல்ல. ஒவ்வொரு பதிவிலும் பயன்பாட்டுக் கட்டுப்பாடு என்ற குறிப்பு இருக்கும். அதைப் படிக்காமல் எதையும் எடுக்க வேண்டாம். இந்தியாவில் வெளியிடும்போது இங்குள்ள சட்டம் பொருந்தும் என்பதால், பெரிய வணிகப் படமென்றால் வழக்கறிஞரைக் கேட்பதே முறை.

9. அரசுப் படம்தான், ஆனாலும் யூடியூபில் போட்டால் யாரோ உரிமை கோருகிறார்களே?

அதே காட்சியைத் தம் ஆவணப்படத்தில் சேர்த்த தொலைக்காட்சி நிறுவனமோ, விலைக்கு விற்கும் காட்சி நிறுவனமோ தம் படம் முழுவதையும் தானியங்கி முறையில் பதிவு செய்திருப்பார்கள். கணினி இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றெனச் சொல்லிவிடும். உங்கள் பிரதி காப்பகத்திலிருந்து நேராக எடுத்தது என்பதற்கான தொகுதி எண்ணையும் பதிவு எண்ணையும் கையில் வைத்திருந்தால் மறுப்புத் தெரிவிக்கலாம். வேறொருவரின் யூடியூப் பக்கத்திலிருந்து எடுத்திருந்தால், அவர் சேர்த்த இசையும் வெட்டும் அதனோடு வந்திருக்கும். அப்போது உரிமை கோருபவர் பக்கம் நியாயம் இருக்கவும் கூடும்.

10. இதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு நடிப்பு?

இந்தக் கேள்விக்கு ஒரே விடை இல்லை. ஆனால் ஒரு படத்தை நெருங்கிப் பார்த்தால் சிக்கல் விளங்கும். 1943 டிசம்பரில் இத்தாலியின் சான் பியத்ரோ என்ற மலைக் கிராமத்துக்காக அமெரிக்கர்களும் ஜெர்மானியர்களும் கடுமையாகப் போரிட்டார்கள். அதைப் பற்றி ஜான் ஹூஸ்டன் எடுத்து 1945-இல் வெளியான படம் போர் ஆவணப்படங்களின் சிகரமாகப் பல ஆண்டுகள் போற்றப்பட்டது. பின்னர் ஆய்வாளர்கள் வெட்டப்படாத மூலச் சுருள்களைக் காப்பகத்தில் பார்த்தபோது, சண்டைக் காட்சிகளில் பெரும்பாலானவை கிராமம் கைப்பற்றப்பட்ட பின் உண்மையான சிப்பாய்களை வைத்து மறுபடி நடத்திக் காட்டி எடுக்கப்பட்டவை என்று தெரியவந்தது. ஒரே ஓட்டத்தைத் திரும்பத் திரும்ப எடுத்த சுருள்கள் அங்கேயே இருந்தன.

அதே படத்தில் இறந்த சிப்பாய்களின் உடல்களைத் துணிப்பைகளில் இடும் காட்சியும், இடிபாடுகளிலிருந்து வெளியே வரும் கிராமத்துப் பெண்கள், குழந்தைகளின் முகங்களும் இருக்கின்றன. ஆகவே ஒரு படத்தை முழுதாக நிஜம் என்றோ முழுதாகப் பொய் என்றோ சொல்ல முடியாது; ஒவ்வொரு காட்சித் துண்டையும் தனித்தனியே கேள்வி கேட்க வேண்டும். கேமரா சண்டையிடுபவருக்கு முன்னால், எதிரியின் பக்கம் முதுகைக் காட்டி நின்று அவர் முகத்தை எடுத்திருந்தால் முதலில் ஐயப்படுங்கள். ஒரே செயல் இரண்டு மூன்று கோணங்களில் அழகாகத் தொடர்ந்தாலும் ஐயப்படுங்கள். கேமரா அதிர்கிறது என்பதை மட்டும் சான்றாகக் கொள்ள வேண்டாம்; அதிர்வைக் கையாலேயே உண்டாக்கலாம்.

என் கருத்தில், முடித்து வெளியிட்ட படத்தைவிட வெட்டாத மூலச் சுருளே மதிப்புமிக்க ஆவணம். வைலர் குழுவினரின் பயன்படுத்தப்படாத வண்ணச் சுருள்கள் எழுபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் காப்பகத்தில் கிடந்து, 2018-இல் ஒரு புதிய ஆவணப்படமாக வெளிவந்தபோது, குளிரிலும் அச்சத்திலும் இருந்த விமானக் குழுவினரின் சாதாரணக் கணங்களைப் பார்க்க முடிந்தது. போர்க்காலப் படத்தொகுப்பாளருக்கு அவை தேவைப்படவில்லை, நமக்குத் தேவைப்படுகின்றன.

11. ஐவோ ஜிமாவில் கொடி ஏற்றியது போட்டோவுக்காக நடத்திய நாடகம் என்கிறார்களே?

நாடகமல்ல, அதை நிறுவியது படச்சுருள்தான். 1945 பிப்ரவரி 23 அன்று, ஜப்பானின் ஐவோ ஜிமா தீவிலுள்ள சுரிபாச்சி மலையில் முதலில் ஒரு சிறிய அமெரிக்கக் கொடி ஏற்றப்பட்டது. சற்று நேரத்தில் அதை இறக்கிவிட்டுப் பெரிய கொடியை ஏற்றினார்கள். ஜோ ரோசந்தாலின் புகழ்பெற்ற நிழற்படம் இந்த இரண்டாவது கொடியைக் காட்டுகிறது. அவருக்கு அருகிலேயே நின்று மரைன் படையின் சார்ஜண்ட் பில் ஜெனஸ்ட் அதை 16 மி.மீ. வண்ணச் சுருளில் எடுத்தார். கம்பத்தைச் சுமந்து வருவதும் நிமிர்த்துவதும் இடைநிறுத்தம் இல்லாமல் நடப்பதை அதில் காணலாம். யாரும் யாரையும் நிறுத்திவைத்துப் படம் பிடிக்கவில்லை.

ஜெனஸ்ட் மார்ச் மாதத் தொடக்கத்தில் அதே தீவில் ஒரு குகைக்குள் கொல்லப்பட்டார். அவர் உடல் கிடைக்கவில்லை. தாம் எடுத்ததைத் திரையில் பார்க்க அவருக்கு வாய்க்கவில்லை. கொடியை ஏற்றியவர்கள் யார் யார் என்ற பட்டியலை மரைன் படை 2016-இலும் 2019-இலும் திருத்தியபோது, நிழற்படங்களோடு அவருடைய சுருளும் சான்றாக நின்றது.

12. நார்மண்டிக் கரையிறக்கம் என்று எல்லோரும் காட்டும் காட்சி அமெரிக்கர்கள்தானே?

படகின் கதவு திறந்ததும், கரையோரத்து வீட்டை நோக்கிச் சிப்பாய்கள் இறங்கி ஓடும் அந்தக் காட்சியைச் சொல்கிறீர்கள் என்றால், அவர்கள் கனடா நாட்டவர். 1944 ஜூனில் நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டியில் இறங்கியபோது அவர்கள் இறங்கிய இடம் ஜூனோ கடற்கரை. அமெரிக்கர்கள் இறங்கிய ஒமாஹா கடற்கரையின் கதை சொல்லப்படும்போதும் இதே காட்சி ஓடுவதுண்டு. முதல் அலையில் ஒமாஹாவில் எடுக்கப்பட்ட சுருள்கள் மிகக் குறைவாகவே மிஞ்சின என்பதால், இருப்பதைக் கொண்டு இடத்தை நிரப்பும் பழக்கம் வந்துவிட்டது. கனடாவின் வீரர்களுக்கும் ஒமாஹாவில் இறந்தவர்களுக்கும் ஒருசேரச் செய்யும் அநீதி இது.

13. இறந்துபோன அமெரிக்கச் சிப்பாய்களை ஏன் காட்டுவதே இல்லை?

களத்தில் எடுத்தார்கள், திரையில் காட்ட விடவில்லை. படச்சுருள்கள் எல்லாம் தணிக்கைக்குப் போயின. புதிய கருவிகள், படைப்பிரிவின் அடையாளச் சின்னங்கள், அடையாளம் தெரியும்படி கிடக்கும் அமெரிக்கப் பிணங்கள் ஆகியவை நிறுத்திவைக்கப்பட்டன. ஏறத்தாழ 1943-இன் பிற்பகுதியில், மக்கள் போரின் விலையை உணர வேண்டும் என்ற எண்ணத்தில் இந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. அந்த ஆண்டு நவம்பரில் பசிபிக்கின் தராவா தீவில் மூன்று நாள் சண்டையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் மாண்டார்கள். நார்மன் ஹாட்ச் முதலான மரைன் ஒளிப்பதிவாளர்கள் அங்கே எடுத்ததைக் கொண்டு தயாரான குறும்படத்தில் அலையில் மிதக்கும் உடல்கள் இருந்தன. அதிபர் ரூஸ்வெல்ட் ஒப்புதல் அளித்த பிறகே 1944 மார்ச்சில் அது திரையரங்குகளுக்கு வந்தது. சிறந்த ஆவணக் குறும்படத்துக்கான ஆஸ்கார் விருதும் பெற்றது.

எதிரியின் பிணங்களைக் காட்ட இந்தத் தயக்கம் இருந்ததில்லை. ஜப்பானியரின் சிதைந்த உடல்கள் பல படங்களில் நீண்ட நேரம் காட்டப்படுகின்றன. அந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் இந்தப் படங்களை அப்படியே வெட்டி ஒட்டுபவர், எண்பது ஆண்டுகளுக்கு முந்தைய தணிக்கையாளரின் தீர்ப்பைத் தம் தீர்ப்பாக ஏற்றுக்கொள்கிறார்.

14. பல ஆண்டுகள் மறைத்து வைத்த படங்கள் உண்மையிலேயே இருந்தனவா?

இருந்தன. போரினால் மனம் குலைந்த சிப்பாய்கள் சிகிச்சை பெறுவதை ஜான் ஹூஸ்டன் நியூயார்க் மாநிலத்தின் இராணுவ மருத்துவமனை ஒன்றில் படமாக்கினார். 1946-இல் முடிந்த அந்தப் படத்தைத் தரைப்படை வெளியிட விடவில்லை. நோயாளிகளின் அந்தரங்கம் காரணமாகச் சொல்லப்பட்டது. 1980-களின் தொடக்கத்தில்தான் பொதுமக்கள் அதைப் பார்த்தார்கள்.

இதைவிடக் கனமானது ஹிரோஷிமா, நாகசாகிப் படங்களின் கதை. குண்டு விழுந்த சில வாரங்களிலேயே ஜப்பானியச் செய்திப்பட நிறுவனத்தார் அங்கே படம் எடுக்கத் தொடங்கினார்கள். அமெரிக்க ஆக்கிரமிப்பு அதிகாரிகள் அந்தச் சுருள்களைக் கைப்பற்றிக் கொண்டுபோனார்கள். ஜப்பானுக்கு ஒரு பிரதி திரும்பி வந்தது 1967-இல். 1946-இன் தொடக்கத்தில் டேனியல் மெக்கவர்ன் தலைமையிலான அமெரிக்கக் குழு, ஹெர்பர்ட் சசன் முதலானோரோடு, அதே நகரங்களில் வண்ணச் சுருளில் எடுத்தது. தீக்காயம் ஆறாத மனிதர்களை அவ்வளவு அருகிலிருந்து காட்டிய அந்தச் சுருள்கள் பல பத்தாண்டுகள் இரகசியமாகக் கிடந்தன.

15. படச்சுருளை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்றுக்கொண்டதுண்டா?

ஏற்றுக்கொண்டதுண்டு. 1945 நவம்பர் 29 அன்று, நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பர்க் தீர்ப்பாயத்தில், நாஜி வதைமுகாம்களில் நேச நாட்டுப் படையினர் எடுத்த காட்சிகள் ஏறத்தாழ ஒரு மணிநேரம் திரையிடப்பட்டன. குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் கூண்டில் அமர்ந்து அதைப் பார்த்தார்கள். ஏறத்தாழ 80,000 அடிச் சுருளிலிருந்து 6,000 அடி தேர்ந்தெடுக்கப்பட்டது. காட்சிகள் எந்த வகையிலும் மாற்றப்படவில்லை என்று ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் அளித்த பிரமாணப் பத்திரம் படத்தின் தொடக்கத்திலேயே காட்டப்பட்டது. 10-ஆம் கேள்வியில் சொன்ன சிக்கலை அன்றே அவர்கள் உணர்ந்திருந்தார்கள்: யார், எப்போது, எந்தத் தலையீடும் இல்லாமல் எடுத்தார்கள் என்று உறுதி சொல்லும் ஆள் இல்லாவிட்டால் படம் சாட்சியாகாது.

16. தொலைந்தும் அழிந்தும் போனவை நிறையவா?

நிறைய. 1950-களின் தொடக்கம் வரை 35 மி.மீ. சுருள்கள் நைட்ரேட் என்ற எளிதில் தீப்பற்றும் பொருளால் செய்யப்பட்டன. பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றியும் அணைக்க முடியாது. 1978 டிசம்பர் 7 அன்று மேரிலாந்தின் சூட்லண்டில் இருந்த தேசியக் காப்பகத்தின் நைட்ரேட் கிடங்கில் தீப்பிடித்து, யூனிவர்சல் செய்திப்படத் தொகுப்பில் 1.26 கோடி அடி எரிந்துபோனது. பாதுகாப்பானது என்று அடுத்து வந்த அசிட்டேட் சுருளும் வெப்பத்திலும் ஈரத்திலும் காடி நாற்றம் அடித்துச் சுருங்கும். குளிரூட்டிய, ஈரம் குறைந்த அறையில் வைத்தால்தான் பிழைக்கும்.

17. கொரியா, வியட்நாம் காட்சிகளில் இராணுவம் எடுத்தது எது, டிவி எடுத்தது எது என்று எப்படித் தெரியும்?

கொரியாவில் குழப்பம் குறைவு. 1950 டிசம்பரில் ஹங்னாம் துறைமுகத்திலிருந்து படைகளும் அகதிகளும் கப்பலேறும் காட்சிகள் போன்றவை பெரும்பாலும் படையினரே எடுத்தவை. தரைப்படை அவற்றைக் கொண்டு 1951 முதல் தொலைக்காட்சித் தொடரே தயாரித்து நிலையங்களுக்கு வழங்கியது.

வியட்நாமில்தான் கவனம் வேண்டும். மக்களின் நினைவில் பதிந்த பல காட்சிகள் தனியார் தொலைக்காட்சிச் செய்தியாளர்கள் எடுத்தவை. 1965-இல் காம் நே கிராமத்தின் குடிசைகளுக்கு மரைன்கள் தீ வைத்ததைக் காட்டியது சி.பி.எஸ். நிறுவனம். அவற்றுக்கு உரிமையாளர் உண்டு. 8-ஆம் கேள்வியின் விடை அங்கே பொருந்தாது. இராணுவத் தரப்பில் 1962-இல் உருவான சிறப்பு ஒளிப்பதிவு அலுவலகமும் மற்றக் குழுக்களும் எடுத்தவை காப்பகத்தில் உள்ளன. நிருபர் ஒருவர் கேமராவைப் பார்த்துப் பேசினால் அது தொலைக்காட்சி. தேதியும் படைப்பிரிவும் எழுதிய பலகை முதலில் வந்தால் அநேகமாக இராணுவம்.

18. அமெரிக்கர்கள் தங்களுக்காக எடுத்த படம். மற்றவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

இந்தத் தொகுப்பிலேயே எனக்கு மிக முக்கியமாகப் படுகிற கேள்வி இது. 1945-இல் ஓகினாவாவில் நடந்த சண்டையில் அத்தீவு மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இறந்தார்கள். வீடும் ஊரும் எரிந்தன. குடும்பப் படங்களும் எரிந்தன. அந்த மக்களின் அன்றைய முகங்கள் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் அமெரிக்கர்களின் சுருள்களில்தான். அணுகுண்டுப் படங்களை அமெரிக்கக் காப்பகத்திலிருந்து பத்துப் பத்து அடியாக வாங்கச் சிறு தொகைகளைத் திரட்டிய இயக்கம் 1980-இல் ஜப்பானில் தொடங்கியது. அதைப் பின்பற்றி 1983-இல் ஓகினாவா மக்கள், ஆளுக்கு 100 யென் கொடுத்து ஒரு அடிச் சுருள் வாங்கும் இயக்கத்தைத் தொடங்கினார்கள். 16 மி.மீ. சுருளில் ஒரு அடி என்பது இரண்டு நொடிகூட ஓடாது. அப்படிச் சேர்த்த அடிகளைக் கொண்டு ஆவணப்படங்கள் செய்து பள்ளிக் குழந்தைகளுக்குக் காட்டினார்கள். அந்த இயக்கம் 2013 வரை இயங்கியது.

இன்னொன்று: ஜப்பானியப் படையால் பாலியல் அடிமைகளாக்கப்பட்ட கொரியப் பெண்கள் மீட்கப்பட்ட நிலையில் நிற்கும் 18 நொடிக் காட்சியை, சியோல் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்கத் தேசியக் காப்பகத்தில் தேடிக் கண்டெடுத்து 2017-இல் வெளியிட்டார்கள். 1944 செப்டம்பரில் சீனாவின் யுன்னானில் சிக்னல் கோர் எடுத்தது அது. எடுத்தவர் தம் படையின் வெற்றியைப் பதிவு செய்யப் போனவர். கண்டெடுத்தவர்கள் அந்தப் பெண்களைத் தேடிப் போனவர்கள். ஒரே சுருள் இருவருக்கும் வேறு வேறு ஆவணமாகியது.

19. இந்தியா தொடர்பான காட்சிகள் உண்டா?

உண்டு. சீனா, பர்மா, இந்தியா என்று மூன்றையும் சேர்த்து ஒரே போர்முனையாக அமெரிக்கர்கள் வகுத்திருந்தார்கள். அஸ்ஸாமின் லேடோவிலிருந்து பர்மாவின் காடுகள் வழியே சீனாவை எட்டும் சாலை அமைத்ததைச் சிக்னல் கோர் விரிவாகப் படமெடுத்தது. அங்கே உழைத்த ஏறத்தாழ 15,000 அமெரிக்கப் படையினரில் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவர்; அவர்களோடு இந்தியத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் பாடுபட்டார்கள். கல்கத்தாவின் தெருக்களும் அன்றைய சுருள்களில் உள்ளன. இந்தியா என்று தேடுவதோடு நிற்காமல், லேடோ, ஸ்டில்வெல் (அந்தப் போர்முனையின் அமெரிக்கத் தளபதி), அஸ்ஸாம் என்ற பெயர்களையும் அன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டல்களையும் போட்டுத் தேடுங்கள். குறிப்பு அட்டைகளில் இந்தியத் தொழிலாளர்களுக்குப் பெயர் இருக்காது; அமெரிக்க அதிகாரியின் பெயரைக் கொண்டே அவர்கள் இருக்கும் சுருளை அடைய வேண்டியிருக்கும்.

20. ஒரு துண்டு கிடைத்தால் இடத்தையும் தேதியையும் எப்படி உறுதி செய்வது?

ஒவ்வொரு சுருளின் தொடக்கத்திலும் ஒளிப்பதிவாளர் பெயர், தேதி, சுருள் எண் எழுதிய பலகையைக் காட்டுவது முறை. அதோடு, காட்சி காட்சியாக என்ன எடுத்தேன் என்று தட்டச்சிட்ட குறிப்புத் தாளும் அனுப்பப்பட்டது. காப்பகத்தில் இவற்றின் அடிப்படையில் அமைந்த அட்டைகள் உள்ளன. முதலில் இந்தத் தாளைத் தேடுங்கள். பிறகு படத்தில் தெரியும் மலை, தேவாலயம், தெருப் பலகை, மரங்களின் நிழல், சீருடைச் சின்னம் ஆகியவற்றை அந்தத் தாளோடு ஒப்பிடுங்கள். தாளும் தவறலாம்: களைத்த மனிதர் இரண்டு நாள் கழித்து எழுதியிருப்பார், கிராமத்தின் பெயரைக் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். படமும் தாளும் முரண்பட்டால், அந்தப் படைப்பிரிவின் நாட்குறிப்பு மூன்றாவது சாட்சியாகும்.

21. செயற்கை நுண்ணறிவால் தெளிவாக்கிய படங்களைப் பயன்படுத்தலாமா?

காட்சிக்கு அழகூட்டுவதற்கென்றால் அது உங்கள் விருப்பம், சான்றாகக் கூடாது. அசலில் இல்லாத நுணுக்கத்தை அந்த மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது. மங்கிய முகத்துக்கு அது தரும் கண்ணும் வாயும் அந்த மனிதருடையவை அல்ல. நொடிக்கு 16 படங்களை 60 ஆக்கும்போது இடையில் வரும் அசைவுகளும் யாரும் எடுக்காதவை. 11-ஆம் கேள்வியில் சொன்னபடி ஆட்களை அடையாளம் காண உதவிய சுருள் ஒன்றை இப்படித் தெளிவாக்கியிருந்தால், அந்த ஆய்வே பொருளற்றுப் போயிருக்கும். பயன்படுத்தியே தீர வேண்டுமென்றால், மாற்றியது என்று திரையிலேயே எழுதுங்கள். அசலின் பதிவு எண்ணையும் கொடுங்கள்.

22. சரியான காட்சி கிடைக்கவில்லை. அதே மாதிரி இருக்கும் வேறு சண்டையின் காட்சியைப் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

12-ஆம் கேள்வியில் சொன்ன கனடாக்காரர்களுக்கு நேர்ந்தது இப்படித்தான் தொடங்கியது. ஒருவர் செய்த மாற்றத்தை அடுத்தவர் ஆதாரமாகக் கொண்டார். மூன்றாமவர் அதிலிருந்து பாடநூல் எழுதினார். காட்சி இல்லையென்றால் வரைபடம், நிழற்படம், அந்த நாளின் ஆவணத் தாள், உயிரோடு இருந்தவரின் குரல் இவற்றில் ஒன்றைக் கொண்டு அந்த இடத்தை நிரப்பலாம். பொதுவான காட்சியைத்தான் போட வேண்டும் என்ற நெருக்கடி வந்தால், திரையின் ஓரத்தில் உண்மையான இடத்தையும் ஆண்டையும் எழுதிவிடுங்கள்: தராவா, 1943, ஹங்னாம், 1950. பின்னணிக் குரல் வேறு ஊரைச் சொல்லிக்கொண்டிருந்தாலும் பார்ப்பவர் எதைப் பார்க்கிறார் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.